ஏழு மணிக்கே விழித்துவிடும் குன்னூர்ப் பூ

எங்கள் வீட்டு மதில் மேல் இருக்கும் நீல டெய்சி காலை ஏழு மணிக்கே விழித்துவிடுகிறது. இதில் என்ன இருக்கிறது என்று கடலூர்ப் பிள்ளைகள் கேட்பார்கள். குன்னூர்ப் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். அங்கே மூடுபனி விலகி, வெயில் முகம் காட்டி, பத்து மணிக்கு மேல்தான் அந்தப் பூ ஒவ்வொரு இதழாகப் பிரிக்கும். பள்ளிக்கூடத்தில் இரண்டாவது பீரியடு முடியும் நேரம் அது. இங்கேயோ நான் பல் துலக்கிக்கொண்டு வெளியே வரும்போதே முழுக் கண்ணையும் திறந்துகொண்டு என்னைப் பார்க்கிறது. பதினோரு மணிக்கெல்லாம் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்ட மாதிரி இதழ்களைப் பின்பக்கம் சுருட்டிக்கொள்கிறது. இந்த ஊருக்கு வந்து இரண்டாவது வருடம் நடக்கிறது. பூவுக்குப் பழகிவிட்டது. எனக்குத்தான் இன்னும் பழகவில்லை.

குன்னூரில் இருக்கும் என் அண்ணன் பிள்ளைகளே, என்னைப்போல மலையிறங்கி வந்தவர்களின் பிள்ளைகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். என் மகள் நித்யாவும் படிப்பாள். அவள்தான் இதில் பாதிக் கதை. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் டீச்சர் மாதிரி சிவப்பு மையில் திருத்திக்கொள்ளுங்கள்.

நாங்கள் இறங்கி வந்த காரணம் எளிது. நித்யாவின் அம்மா சுமதிக்குச் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. மலையில் அண்ணனும் நானும் சேர்ந்து நடத்திய நர்சரியில் ஒரு குடும்பம் சாப்பிடலாம், இரண்டு குடும்பம் சாப்பிட முடியாது. "நீ போயிட்டு வா, உன் இடம் அப்படியே இருக்கும்" என்றான் அண்ணன். திருப்பாதிரிப்புலியூரில் வீடு பார்த்தோம். சுமதி தினம் ரயிலில் சிதம்பரம் போய் வருகிறாள். நித்யா ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். எனக்குச் சிதம்பரம் ரோட்டில் ஒரு நர்சரியில் வேலை கிடைத்தது. முதலாளி சேகர், அண்ணாகிராமத்துக்காரர். முந்திரி ஒட்டும் பலா ஒட்டும் அவர் கைக்குத் தண்ணீர் பட்ட பாடு. முதல் நாளே என்னை "வா மச்சான்" என்று கூப்பிட்டார். எங்கள் பக்கம் அப்படிக் கூப்பிட வேண்டுமானால் தங்கையைக் கட்டிக் கொடுத்திருக்க வேண்டும். எனக்குத் தங்கையே கிடையாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சுமதியிடம் குழப்பத்தோடு கேட்டேன். "இந்த ஊர்ல எல்லாரும் எல்லாருக்கும் மச்சான்தான், பேசாம இருங்க" என்றாள்.

சேகர் என்னை வேலைக்கு எடுத்ததே மலைப்பூ வேண்டும் என்றுதான். "இந்த ஊர்ல இல்லாத கலரா ஒண்ணு கொண்டா மச்சான்" என்றார். நான் யோசிக்கவே இல்லை. நீல டெய்சிதான். எங்கள் நர்சரி வாசலில், படிக்கட்டு ஓரத்தில், உடைந்த வாளியில் எல்லாம் அது தானாக மண்டிக் கிடக்கும். மார்கழி பிறந்ததும் அண்ணன் பன்னிரண்டு தொட்டிகளை காரட் லாரியில் ஏற்றி அனுப்பினான். காரட் மூட்டைகளுக்கு நடுவில், மண் வாசனையோடு, ஓர் இலைகூட ஒடியாமல் வந்து இறங்கியது. அந்த மாதம் கடலூரும் குளிர்ந்து கிடந்தது. பூத்துத் தள்ளியது. நடுவில் மஞ்சள் பொட்டு, சுற்றிலும் நீலம். நான் மலையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

தை மாதம் சிதம்பரத்தில் ஒரு வீட்டு வளைகாப்புக்குப் பன்னிரண்டு தொட்டியும் வேண்டும் என்று கேட்டார்கள். காலையில் போட்டோ எடுத்து அனுப்பினோம். பார்த்து மயங்கிப்போனார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மினி வேனில் கொண்டுபோய் இறக்கினேன். மேகமூட்டமான நாள். நீல டெய்சி சாயங்காலம் மூடிக்கொள்ளும். மேகம் வந்தால் இன்னும் சீக்கிரமே மூடிக்கொள்ளும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். மலையில் யாரும் இதை ஒரு குறையாகச் சொன்னதில்லை என்பதால், சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. அந்த வீட்டம்மா வாசலுக்கு வந்தார். தொட்டிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னாங்க இது, செத்த பூவ எடுத்தாந்துருக்கீங்க? நல்ல காரியம் நடக்கற வூடு."

"சாகலீங்க. தூங்குதுங்க."

"பூ எங்கனா தூங்குமா?"

"தாமரைகூட மூடிக்குதுங்களே."

"தாமரை கோயில் கொளத்துல மூடிக்கட்டும். எங்க வூட்டு வளைகாப்புல வந்து எதுக்குத் தூங்கணும்?"

உள்ளே இருந்து யாரோ சிரித்தார்கள். காலையில் ஏழு மணிக்குப் பாருங்கள், கண்ணைப் பறிக்கும் என்றேன். வளைகாப்பு இன்றைக்குச் சாயங்காலம்தானே என்றார்கள். பன்னிரண்டு தொட்டியையும் திரும்ப வேனில் ஏற்றினேன். சேகர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டம். "மச்சான், ஒன் பூ ஷிப்டு பாத்து வேல செய்யுது. நமக்கு ஓவர்டைம் பாக்குற பூவா வேணும். நீ கொஞ்ச நாளு ஒட்டுக்கட்டுற வேலைக்கு வா" என்றார். டெய்சிகளை என் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து நான் முந்திரிக்கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டுகிற ஆள்.

அன்று வீட்டுக்கு வந்து நான் கத்தியதை நித்யா மறந்திருக்க மாட்டாள். இந்த ஊர் வெயிலைத் திட்டினேன். வாளியில் வெள்ளையாக உப்புப் படியும் தண்ணீரைத் திட்டினேன். பூ தூங்கும் என்று தெரியாத ஜனங்களைத் திட்டினேன். கடைசியில் சொன்னேன்: "இந்தச் செடி கோடை முடியுற வரைக்கும் இந்த ஊர்ல பொழச்சுக் கிடந்தா நாமளும் இங்க இருப்போம். இல்லேன்னா அடுத்த ஸ்கூல் தொறக்குறதுக்குள்ள மலைக்குப் போயிருவோம்." சுமதி டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டே, "செடிய வெச்சுக் குடும்பம் நடத்துறாரு உங்கப்பா" என்றாள். அவள் அதை அத்தோடு விட்டுவிட்டாள். நானும் மறுநாள் மறந்துவிட்டேன். நித்யா விடவில்லை. அவளுக்கு இந்தப் பள்ளிக்கூடம் பிடித்துப்போயிருந்தது. கபடி டீமில் சேர்ந்திருந்தாள். அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

ஆறு தொட்டிச் செடிகளை வாசலில் பாத்தி வெட்டி நட்டேன். ஆறைத் தொட்டியிலேயே விட்டேன். மலையில் பாத்தி என்பது சரிவில் இருக்கும், தண்ணீர் நிற்காது. இங்கே தரை பலகைபோலச் சமமாக இருக்கிறது, ஊற்றிய தண்ணீர் ஊற்றிய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. மாசி மாதம் இன்னொரு தொல்லை ஆரம்பித்தது. தினமும் காலையில் பார்த்தால் இரண்டு மூன்று நுனி காணாமல் போயிருந்தது. பூ இல்லாத நல்ல நுனியாகப் பார்த்து, கணுவுக்குக் கீழே, நகத்தால் சுத்தமாகக் கிள்ளியிருந்தார்கள். ஆடு இப்படிக் கிள்ளாது. எங்கள் தொழிலில் நுனி என்பது அடுத்த செடி. ஒருவன் நர்சரியில் நுனி கிள்ளினால் அவனை வேலையை விட்டே அனுப்பிவிடுவோம். முதலில் நித்யாவைத் திட்டினேன். அவள் அழுதாள். பிறகு அட்டையில் "செடியைக் கிள்ளாதீர்" என்று எழுதிக் குச்சியில் கட்டி நட்டேன்.

பக்கத்து வீட்டுக் கலா அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று அதைப் படித்தார். அவர் வீட்டுக்காரர் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்டு. கலா அக்கா எதைப் பார்த்தாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் போகமாட்டார்.

"இன்னா தம்பி, ஊதாப்பூவுக்குப் போர்டுலாம் வெச்சிக்கிற?"

"ஊதா இல்லீங்க அக்கா, நீலம்."

"அதான், ஊதா. எங்க வூட்டுக்கார் கம்பெனி சட்ட கூட இதே ஊதாதான்."

"யாரோ கொழுந்தக் கிள்ளுறாங்க அக்கா."

"கொழுந்தா? அது பூக்கடையில வெச்சிருப்பாங்கள, கதம்பத்துக்கு. இதுல ஏது வாசன?"

எங்கள் மலையில் கொழுந்து என்றால் நுனி. இந்த ஊரில் கொழுந்து என்றால் மரிக்கொழுந்து. நான் விளக்க வாயெடுப்பதற்குள் அவர் "யாருதான் கிள்ளுறாங்களோ, கை வெளங்காம போவ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது என்பது இப்போது ஞாபகம் வருகிறது.

பங்குனியில் பாத்திச் செடிகள் ஆறும் போயின. ஒன்று போன மறுநாள் இன்னொன்று, கணக்கு வைத்ததுபோல. தொட்டிகளை நிழலுக்கு மாற்றினேன், ஈரச் சாக்கு சுற்றினேன், மலையிலிருந்து கொண்டுவந்த இலை உரத்தைப் போட்டேன். அண்ணனுக்கு போன் பண்ணினால், "தண்ணி ஊத்துனியா?" என்பான். "ஊத்துறேன்" என்பேன். "வெயில் படுதா?" என்பான். இந்த ஊரில் அப்படிக் கேட்பவனை என்ன சொல்ல? சித்திரை பிறந்தபோது மூன்று தொட்டிதான் மிச்சம். அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம் ஒன்றுதான் மிச்சம். அதில் கட்டிங் எடுக்கலாம் என்று நான்கு நாள் தள்ளிப்போட்டேன். வெயில் ஒரு நாளாவது தணியட்டும் என்று பார்த்தேன். தணியவில்லை.

கட்டிங் என்பதை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பூவில்லாத நுனியாகப் பார்த்து, விரல் நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே பிளேடால் வெட்ட வேண்டும். கீழே இருக்கும் இலைகளை உருவிவிட்டு, பாதித் தண்டு புதையும்படி ஈர மணலில் குத்த வேண்டும். நிழலில் வைத்தால் மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். மெதுவாக இழுத்துப் பார்த்தால் வர மாட்டேன் என்று அடம் பிடிக்கும். அதுதான் அடையாளம். விதையில் முளைப்பது அந்தச் செடியின் பிள்ளை. கட்டிங்கில் வருவது பிள்ளை அல்ல. அதே செடிதான், இன்னொரு இடத்தில் நிற்கிறது. இதை என் அப்பா சொன்னபோது எனக்குப் புரியவில்லை. இப்போது கொஞ்சம் புரிகிறது.

ஐந்தாம் நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். அந்தக் கடைசிச் செடி தொங்கிப்போயிருந்தது. பிடித்துத் தூக்கினேன், வேரில்லாமல் கையோடு வந்துவிட்டது. அடித்தண்டு கறுத்து, வெந்த கீரை மாதிரி வழவழவென்று இருந்தது. தொட்டி மண் சேறாக இருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன், சுட்டது. நான் காலையில் ஒரு குவளைதான் ஊற்றியிருந்தேன். பின்னால் திரும்பினால் நித்யா கையில் பிளாஸ்டிக் மக்கோடு நிற்கிறாள். கோடை லீவு. வீட்டில் அவள் மட்டும்தான்.

"தினமும் ஊத்துறியா?"

"மத்தியானம் மட்டும்தாம்ப்பா. அதுக்குத் தாகம் எடுக்கும்ல."

"எந்தத் தண்ணி?"

"பைப்புத் தண்ணி."

மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் பைப்புத் தண்ணீர் சித்திரை மத்தியானத்தில் கையை வைத்தால் சுடும். அதைத்தான் இரண்டு மாதமாகச் செடிக்குக் கொடுத்திருக்கிறாள், லீவு நாள் தவறாமல், யாருக்கும் சொல்லாமல். நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கேட்டாள், "அப்ப நாம ஊருக்குப் போயிரணுமாப்பா?"

எனக்கு முதலில் புரியவே இல்லை. எதற்கு ஊருக்குப் போக வேண்டும்? அப்புறம் தை மாதம் நான் கத்தியது ஞாபகம் வந்தது. நான் கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மறுநாளே மறந்துவிட்டேன். அவள் அதை மனதில் வைத்துக்கொண்டு, இந்த ஊரிலேயே இருக்க வேண்டும் என்பதற்காகச் செடிக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றியே அதைக் கொன்றிருக்கிறாள். பிள்ளைகளே, இதில் யார் மேல் தப்பு என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. எனக்குத் தெரியும்.

அவள் அழுதுகொண்டே சொன்னாள், "கலா பெரியம்மா வீட்ல இருக்குப்பா. அது நல்லாதான் இருக்கு."

இரண்டு வீட்டுக்கும் பொதுவான மதிலுக்கும் கலா அக்கா வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. வெயில் எட்டிப் பார்க்காத வடக்குப் பக்கம். ராத்திரி வேலை பார்த்துவிட்டு வந்து அவர் வீட்டுக்காரர் பகலில் தூங்குவதற்காக அங்கே ஏசி நாள் முழுக்க ஓடும். அதன் தண்ணீர்க் குழாய் சந்துக்குள் சொட்டும். மதில் மேல் எட்டிப் பார்த்தேன். சொட்டுகிற இடத்தில் ஒரு பழைய பெயிண்ட் டப்பா. நிறைய கெடிலம் ஆற்று மணல். அதில் என் நீல டெய்சி, தலைக்கு மேல் தலையாகக் கிளைத்து, குன்னூரில் நிற்பதைப் போலவே நிற்கிறது. பத்துப் பதினைந்து பூ. ஏசித் தண்ணீரில் உப்பில்லை. சொட்டுச் சொட்டாக விழுகிறது, தேங்குவதில்லை. நிழல். இருபது வருடம் நர்சரி வேலை பார்த்த எனக்கு இது தோன்றவில்லை.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நேராகப் போய்க் கதவைத் தட்டினேன்.

"அக்கா, அது என் செடி."

"ஆமா, உன் செடிதான். யாரு இல்லன்னா?"

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே."

கலா அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டார். "அய்ய, அதான் கேக்கல. கேட்டு வாங்குனா வேரு புடிக்குமா? எடுக்கறது தெரியாம எடுத்தாதான் புடிக்கும். நர்சரில வேல செய்ற, இது கூடத் தெரியாதா ஒனக்கு?"

"சரி, எனக்கு நாலு நுனி குடுங்க."

"கேட்டுட்டியா? போச்சு. கேட்டுட்ட இல்ல, இனிமே நான் குடுத்தா அது வராது."

"அப்ப குடுக்க மாட்டீங்களா?"

"குடுக்க மாட்டேன்." என்னையும், என் பின்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்ற நித்யாவையும் பார்த்தார். "சாயங்காலம் நான் கோயிலுக்குப் போறேன். பாடலீஸ்வரரப் பாத்துட்டு வர ஆறு மணி ஆவும். சந்துக் கதவுக்குத் தாழ்ப்பா கெடயாது. சும்மா சொன்னேன்."

அடுத்தவர் பொருளைத் தொடக்கூடாது என்று நித்யாவுக்கு நான் சொல்லாத நாள் இல்லை. பள்ளிக்கூடத்தில் கிடந்த ஒரு பென்சிலைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னவன். அன்று சாயங்காலம் அவளையும் கூட்டிக்கொண்டு, ஒரு புது பிளேடை சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சந்துக்குள் நுழைந்தேன். இதை உங்களுக்கு எப்படி விளக்குவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. திருட்டு தப்பு. அது திருட்டு இல்லை. ஆனால் திருட்டுபோல இருந்தால்தான் செல்லும். இந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால் இதில் ஒரு குழப்பமும் இல்லை என்பார்கள்.

மூன்றாவது நுனியை வெட்டும்போது ஜன்னல் திரை விலகியது. கலா அக்கா வீட்டுக்காரர், தூங்கி எழுந்த கண்ணோடு.

"யாரு அது?"

"நாந்தாங்க. பக்கத்து வூடு."

அவர் என் கையில் இருந்த பிளேடைப் பார்த்தார். செடியைப் பார்த்தார். "மச்சான், நான் தூங்கறேன். நான் ஒண்ணும் பாக்கல" என்று திரையை இழுத்துவிட்டார். நித்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான்.

ஆறு நுனி எடுத்தோம். எல்லாவற்றையும் அவள்தான் மணலில் குத்தினாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது வழக்கு என் தட்டுக்கே வந்தது. "அப்பா, செடி பொழச்சிருச்சா, பொழைக்கலையா?" என்றாள். என் செடிகள் பன்னிரண்டும் செத்துவிட்டன. நான் காப்பாற்றியது ஒன்றுமில்லை. அடுத்த வீட்டில், நான் திட்டிய திருட்டில், பிழைத்திருக்கிறது. இதை எந்தப் பக்கம் சேர்ப்பது? சுமதி ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள், "அடுத்த வூட்ல பொழச்சாலும் இந்த ஊர்லதானே பொழச்சுது." அவளும் வீட்டை வூடு என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நானும்தான், பிளேடும் கையுமாக. நித்யா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இருப்போம்" என்றேன். அவள் சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள்.

ஆறில் இரண்டுதான் வேர் பிடித்தது. எங்கள் வீட்டில் ஏசி கிடையாது என்பதால், கலா அக்கா வீட்டுக்காரர் ஏசிக் குழாயில் ஒரு ரப்பர் டியூப் செருகி, மதில் மேல் வரை இழுத்துவிட்டார். அந்த இரண்டையும் ஒரே தொட்டியில் நட்டு அங்கே வைத்திருக்கிறேன். தொட்டியின் பாதி எங்கள் பக்கம், பாதி அவர்கள் பக்கம். சேகரிடம் சொன்னேன். "ஏசி போட்டு வளக்குற பூவ எவன் வாங்குவான் மச்சான்?" என்று சிரித்தார். நான் இன்னும் முந்திரி ஒட்டுதான் கட்டுகிறேன். போன வாரம் கட்டிய ஒட்டுகளில் பாதி கருகிவிட்டது. கலா அக்கா இன்னும் ஊதாப்பூ என்றுதான் சொல்கிறார். நான் திருத்துவதை நிறுத்திவிட்டேன். திருத்த வேண்டும் என்று தோன்றுவது மட்டும் நிற்கவில்லை.

இன்று காலை ஏழு மணிக்கு அண்ணன் போன் பண்ணினான். அவன் நர்சரி வாசலில் நின்று பேசினான். பின்னால் மூடுபனிக்குள் பஸ் ஹாரன் கேட்டது. பூவைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். "எங்க, இன்னும் தூங்குது" என்றான். என் முன்னால் மதில் மேல் அது முழுசாக விரிந்து நின்றது. கட்டிங்கில் வந்தது அதே செடிதான் என்று அப்பா சொல்வார். அப்படியானால் ஒரே செடி, ஒரே நேரத்தில், அங்கே கண்ணை மூடிக்கொண்டும் இங்கே திறந்துகொண்டும் நின்றது. "எப்படா வர்ற? உன் இடம் அப்படியேதான் இருக்கு" என்றான் அண்ணன். உள்ளே நித்யா கபடி ஷூவைத் தேடிக்கொண்டிருந்தாள். ரப்பர் டியூபிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. "இங்க விரிஞ்சிருச்சு" என்றேன். "நான் அதையா கேட்டேன்?" என்றான். அடுத்த சொட்டும் விழுந்தது.